ஐந்து கோடாரியும் ஒரு குடும்பப் பெயரும்

கேள்வி இதுதான்: உங்கள் குடும்பம் தூத்துக்குடி, குடும்பப் பெயர் மச்சாடோ. டொராண்டோவில் இருக்கும் உங்கள் தம்பி லிஸ்பனுக்குச் சுற்றுலா போனபோது, ஒரு கடையில் 'மச்சாடோ குடும்பச் சின்னம்' என்று சட்டம் போட்டு விற்ற படத்தை வாங்கி வந்திருக்கிறார். சிவப்புக் கேடயம், அதில் பொன் பிடி போட்ட ஐந்து வெள்ளிக் கோடாரிகள். பின்புறம் ஒட்டிய தாளில், சிவப்பு என்றால் வீரம், வெள்ளி என்றால் நேர்மை, கோடாரி என்றால் கடமை தவறாமை என்று அச்சடித்திருக்கிறது. இது எங்கள் குடும்பத்துச் சின்னம்தானா, அந்தப் பொருளெல்லாம் சரியா, முன்னறையில் மாட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

படம் சரியானதுதான். போர்த்துகலில் மச்சாடோ வம்சத்துக்குரிய கேடயம் அதுவே. பின்னால் ஒட்டியிருக்கும் தாள் வியாபாரச் சரக்கு. உங்களுக்கு உரியதா என்றால், பெயரை மட்டும் வைத்து ஆமாம் என்று சொல்ல வழியில்லை. தாராளமாக மாட்டலாம். இனி விவரமாகப் பார்ப்போம்.

முதலில் அந்தக் கோடாரிகள். போர்த்துகீசிய மொழியில் மச்சாடோ என்றாலே கோடாரி. விஷயம் அவ்வளவுதான், கடமையும் இல்லை, தவறாமையும் இல்லை. பெயரை அப்படியே படமாக்கிக் கேடயத்தில் போடுவது ஐரோப்பாவில் மிகப் பழைய பழக்கம். கோஸ்தா என்றால் விலா எலும்பு. அந்த வம்சத்தின் கேடயத்தில் சிவப்புப் பின்னணியில் ஆறு வெள்ளி விலா எலும்புகள். உங்கள் தெருவிலேயே கோஸ்தாக்கள் இருப்பார்கள், சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். கொயெலோ என்றால் முயல், அவர்கள் கேடயத்தின் ஓரத்தில் முயல்கள். ஸ்பெயினில் காஸ்டீல் அரசுக்குக் கோட்டை, லெயோன் அரசுக்குச் சிங்கம். இதெல்லாம் ஒருவிதச் சிலேடை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைந்த காலத்தில், படத்தைப் பார்த்ததும் பெயர் வாயில் வர வேண்டும் என்பதுதான் நோக்கம்.

இங்கிலாந்திலும் இதே கதைதான். நாடகாசிரியர் ஷேக்ஸ்பியரின் தந்தை ஜானுக்கு 1596-ல் சின்னம் வழங்கப்பட்டது: பொன்னிறக் கேடயம், குறுக்கே சாய்வாக ஒரு கறுப்புப் பட்டை, பட்டைமேல் ஓர் ஈட்டி. பெயரின் பின்பாதி ஆங்கிலத்தில் ஈட்டி. ஆறு வருடம் கழித்து, 1602-ல், ரால்ஃப் புரூக் என்ற ஹெரால்டு அதிகாரி (சின்னங்களை வழங்கி, பதிவு செய்யும் அதிகாரிகளுக்கு அந்தப் பெயர்), தகுதி இல்லாத ஆட்களுக்கெல்லாம் சின்னம் கொடுத்துவிட்டார்கள் என்று தன் சக அதிகாரிகள் மேலேயே புகார் வாசித்தார். அந்தப் பட்டியலில் 'நடிகன் ஷேக்ஸ்பியர்' பெயரும் இருந்தது. இந்த விளையாட்டு இன்றும் நிற்கவில்லை. 2011-ல் இளவரசர் வில்லியமின் திருமணத்துக்கு முன்பு கேட் மிடில்டனின் தந்தைக்குச் சின்னம் வழங்கினார்கள். நடுவே தலைகீழ் 'வி' போல ஒரு பொன் பட்டை, சுற்றி மூன்று ஓக் மரக் கொட்டைகள். கொட்டைகள் மூன்று பிள்ளைகளுக்காக. பொன் பட்டை, தாயாரின் பிறந்தவீட்டுப் பெயரான கோல்ட்ஸ்மித்துக்காக.

மச்சாடோக்களுக்கு ஒரு வீரக்கதையும் உண்டு. 1147-ல் போர்த்துகலின் முதல் மன்னர் அஃபோன்சோ என்ரிக்கெஸ் சாந்தாரெம் கோட்டையைப் பிடித்தபோது, மெம் மொனிஸ் என்ற வீரர் கோட்டைக் கதவைக் கோடாரியால் பிளந்தார், அதனால்தான் பெயரும் சின்னமும் வந்தன என்று பிற்கால வம்சாவளிக்காரர்கள் எழுதினார்கள். நல்ல கதை. ஆனால் கேடயத்தில் பரம்பரைச் சின்னம் போடும் வழக்கமே அப்போதுதான் ஐரோப்பாவில் முளைவிட்டுக்கொண்டிருந்தது. பெயர் முதலில், அதற்கேற்ற படம் பிறகு, படத்துக்கேற்ற கதை கடைசியாக. பெரும்பாலான குடும்பச் சின்னங்களின் 'வரலாறு' இந்த வரிசையில்தான் பிறந்திருக்கிறது.

அப்புறம் நிறங்கள். கேடயச் சின்னம் வரையும் இந்தக் கலையில் நிறங்கள் குறைவு: பொன், வெள்ளி இரண்டும் உலோகம், சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா இவை வண்ணம். இவை தவிர, விலங்குத் தோலைக் குறிக்கும் சில கோலங்கள் உண்டு. அடிப்படை விதி ஒன்றே ஒன்று: உலோகத்தின்மேல் உலோகம் வைக்காதே, வண்ணத்தின்மேல் வண்ணம் வைக்காதே. மஞ்சளை வெள்ளைமேல் வரைந்தால் தூரத்திலிருந்து தெரியாது, நீலத்தைக் கறுப்பின்மேல் வரைந்தாலும் தெரியாது. முகம் மறைக்கும் இரும்புக் கவசம் போட்டுக் குதிரையில் வருபவன் யாரென்று கண்டுகொள்ள இதுதான் வழி. உங்கள் படத்தையே பாருங்கள். சிவப்பு வண்ணம், அதன்மேல் வெள்ளியும் பொன்னும். விதி பிசகாமல் இருக்கிறது. வேண்டுமென்றே விதியை மீறியது ஜெருசலேம் ராஜ்யத்தின் சின்னம், வெள்ளிமேல் பொன் சிலுவைகள். மற்ற யாருக்கும் இல்லாத தகுதி அதற்கு உண்டு என்று காட்டத்தான் அந்த மீறல் என்பார்கள்.

நிறத்துக்குக் குணம் சொல்வது எப்போது பரவியது? 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் இந்தக் கலையைப் பற்றிப் புத்தகம் போட்டவர்கள் பரப்பியது. கவசமும் கேடயமும் போர்க்களத்தை விட்டுப் போய், சின்னம் என்பது வீட்டு வாசலிலும் கல்லறையிலும் வைக்கும் அலங்காரமாகிவிட்ட காலம் அது. பொன் என்றால் புஷ்பராகம், சூரியன், தாராள மனம். வெள்ளி என்றால் முத்து, சந்திரன், தூய்மை. சிவப்பு என்றால் மாணிக்கம், செவ்வாய், வீரம் என்று அடுக்கினார்கள். படிக்கச் சுவையாக இருக்கும். அதற்கு மூன்று, நான்கு நூறு ஆண்டுகளுக்கு முன் கேடயம் தேர்ந்தெடுத்தவனுக்கு இந்த அட்டவணை தெரியாது. பக்கத்து ஊர்க்காரன் கேடயத்திலிருந்து தன்னுடையது வேறாகத் தெரிய வேண்டும், அதுதான் அவன் கவலை. இங்கிலாந்தில் 1484-லிருந்து இயங்கும் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் என்ற அதிகாரபூர்வ அமைப்பும், நிறங்களுக்கும் உருவங்களுக்கும் இப்படிக் கட்டாயமான பொருள் எதுவும் கிடையாது என்றுதான் சொல்கிறது. ஒரு குறிப்பிட்ட மனிதர் ஒரு குறிப்பிட்ட காரணத்துக்காகத் தேர்ந்தெடுத்திருந்தால், மிடில்டன் வீட்டு ஓக் கொட்டை மாதிரி, அவருக்கு மட்டும் அது பொருள்.

சரி, யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு வருவோம்.

பரம்பரைச் சின்னத்தின் பழைய சான்றுகளில் ஒன்று பிரான்சின் ல மான் நகரில் இருக்கிறது: ஆஞ்சூ பிரபு ஜெஃப்ரி, நீலத்தில் பொன் சிங்கங்கள் போட்ட நீண்ட கேடயத்தோடு நிற்கும் எனாமல் தகடு, 12-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. 1226-ல் இறந்த அவருடைய பேரன் வில்லியம் லாங்ஸ்பீ, இங்கிலாந்தின் சாலிஸ்பரி தேவாலயத்தில் புதைக்கப்பட்டார். அங்கே அவருடைய கற்சிலை பிடித்திருக்கும் கேடயத்திலும் அதே சிங்கங்கள். தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வந்திருக்கிறது. சின்னத்தின் இயல்பே இதுதான்: ஒரு மனிதரிடம் தொடங்கி, அவருடைய வாரிசுகளுக்குப் போகும். அதே பெயர் வைத்திருக்கும் ஊரிலுள்ள எல்லோருக்கும் போகாது. இங்கிலாந்தில் ஸ்மித் என்ற பெயரில் டஜன் கணக்கில் வேறு வேறு சின்னங்கள் பதிவாகியிருக்கின்றன. லட்சக்கணக்கான மற்ற ஸ்மித்துகளுக்கு எதுவும் கிடையாது. வாரிசுகளுக்குள்ளும் அண்ணன் தம்பி வித்தியாசம் காட்டுவது வழக்கம். தந்தை இருக்கும்வரை மூத்தவன் கேடயத்தின் மேற்பகுதியில் மூன்று கால் தொங்கும் ஒரு பட்டை, இரண்டாமவனுக்குப் பிறை, மூன்றாமவனுக்கு நட்சத்திரம், நான்காமவனுக்குக் காலில்லாத ஒரு குருவி என்று ஆங்கிலேயர் வகுத்திருக்கிறார்கள்.

குடும்பப் பெயரும் குடும்பமும் ஒன்றல்ல என்பது நம்மைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? உங்கள் தம்பி இருக்கும் டொராண்டோவிலேயே பாருங்கள். அப்பா பெயர் செல்வம் என்பதால் பாஸ்போர்ட்டில் 'செல்வம்' குடும்பப் பெயராக விழுந்தவர்கள் எத்தனை பேர்! அவர்கள் ஒருவருக்கொருவர் சொந்தமா? போர்த்துகலில் பெர்னாண்டெஸ், ரொட்ரிகெஸ் போன்ற பெயர்கள் பிறந்ததும் இப்படித்தான். பெர்னாண்டோவின் மகன் பெர்னாண்டெஸ், ரொட்ரிகோவின் மகன் ரொட்ரிகெஸ். ஊருக்கு ஊர் தனித்தனியாக முளைத்த பெயர்கள் அவை. 'பெர்னாண்டெஸ் குடும்பச் சின்னம்' என்று யாராவது விற்றால், எந்தப் பெர்னாண்டெஸ் என்று கேட்க வேண்டும்.

தூத்துக்குடிக்கு இன்னொரு படி கூடுதலாக உண்டு. முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530-களில் கொச்சிக்குத் தூது அனுப்பிப் போர்த்துகீசியரின் பாதுகாப்பைக் கேட்டு, அந்தப் பத்தாண்டிலேயே கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் வந்து சேர்ந்தபோது பெயரளவில் எல்லோரும் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள். கோஸ்தா, மச்சாடோ, மிராண்டா, மோத்தா, வாஸ், பெர்னாண்டோ எல்லாம் அந்த வழியில் கரையேறிய பெயர்கள். ஞானத்தந்தையாக நின்ற போர்த்துகீசியரின் பெயரை எடுத்துக்கொள்வது அன்றைய வழக்கம். அதாவது உங்கள் முன்னோர் ஒருவருக்கு யாரோ ஒரு மச்சாடோவின் பெயர் வந்தது, ரத்தம் வரவில்லை. அந்த மச்சாடோவே கோடாரிச் சின்னத்துக்கு உரிமையுள்ளவரா என்பதும் வேறு கேள்வி. கப்பலேறி வந்த சாதாரணச் சிப்பாய்களுக்கும் இதே பெயர்கள் இருந்தன.

போர்த்துகலில் பெயருக்கும் சின்னத்துக்கும் இங்கிலாந்தைவிட நெருக்கம் அதிகம் என்பது உண்மை. அங்கே வம்சத்தின் பெயரைச் சொல்லியே சின்னத்தைச் சொல்வார்கள். லிஸ்பனுக்குப் பக்கத்திலுள்ள சிந்த்ரா அரண்மனையில் மனுவேல் மன்னர் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு மண்டபம் கட்டி, கூரையில் 72 பிரபு வம்சங்களின் சின்னங்களை வரையவைத்தார். ஒவ்வொரு கேடயத்தையும் ஒரு மான் சுமக்கிறது, பெரெய்ரா, சில்வா, அல்புகெர்க் எல்லாம் அங்கே இருக்கின்றன. ஆனால் அந்த நாட்டிலும் சின்னம் வேண்டுமென்றால், நான் இன்னாரின் வழிவந்தவன் என்று சாட்சியோடு நிரூபித்து, அரசரின் அதிகாரியிடம் சாசனம் வாங்க வேண்டும். பெயர் மட்டும் போதாது.

அந்தக் கூரையில் ஒரு கேடயம் மட்டும் அழிக்கப்பட்டிருக்கிறது, தாவொரா வம்சத்துடையது. 1758-ல் ஜோசே மன்னரைச் சுட்டுக் கொல்ல முயன்ற சதியில் அந்தக் குடும்பத்தைச் சேர்த்து, 1759 ஜனவரியில் லிஸ்பனின் பெலெம் பகுதியில் வைத்துக் கொடூரமாகக் கொன்றார்கள். அதோடு விடவில்லை. அந்தப் பெயரை யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது, அந்தச் சின்னம் எங்கேயும் இருக்கக் கூடாது என்று உத்தரவு. அதே வழக்கில் தண்டிக்கப்பட்ட அவெய்ரோ பிரபுவின் மாளிகையை இடித்து, அந்த மண்ணில் உப்பைக் கொட்டினார்கள். அந்த இடத்தில் நட்ட கல்தூண் இன்றும் பெலெமில் ஒரு சந்துக்குள் நிற்கிறது. தம்பி பெலெம் பக்கம் போயிருந்தால் அதைத் தாண்டித்தான் நடந்திருப்பார்.

சின்னத்துக்காக மனிதர்கள் எவ்வளவு தூரம் போனார்கள் என்பதற்கு எனக்குப் பிடித்த வழக்கு ஒன்று உண்டு. 1385-ல் ஸ்காட்லாந்து மேல் படையெடுத்துப் போன ஆங்கிலேயப் படையில், ரிச்சர்ட் ஸ்குரோப், ராபர்ட் குரோவ்னர் இருவரும் ஒரே சின்னத்தோடு வந்து நின்றார்கள்: நீலத்தில் சாய்வாக ஒரு பொன் பட்டை. வேறு வேறு குடும்பம், வேறு வேறு பெயர். வழக்கு 1390 வரை இழுத்தது. நூற்றுக்கணக்கான சாட்சிகள், அவர்களில் ஒருவர் கவிஞர் ஜெஃப்ரி சாசர். லண்டனில் ஃபிரைடே தெருவில் நடந்துபோனபோது ஒரு விடுதி வாசலில் அந்தச் சின்னம் தொங்கியதைப் பார்த்து, ஸ்குரோப் சின்னத்தை இங்கே யார் மாட்டியது என்று கேட்டாராம். அது ஸ்குரோப்புடையது இல்லை, குரோவ்னருடையது என்று பதில் வந்ததாம். அந்தப் பெயரை அன்றுதான் முதன்முதலில் கேள்விப்பட்டேன் என்று 1386-ல் சாட்சி சொன்னார். ஸ்குரோப் ஜெயித்தார், குரோவ்னர் பொன் கோதுமைக் கதிர்க் கட்டுக்கு மாறிக்கொண்டார். வயிற்றெரிச்சல் மட்டும் ஆறவில்லை. அந்த வம்சத்தில் வந்த வெஸ்ட்மின்ஸ்டர் பிரபு தன் பந்தயக் குதிரைக்குப் 'பெண்ட் ஓர்', அதாவது 'பொன் பட்டை' என்று பெயர் வைத்தார். 1880-ல் அது டெர்பி பந்தயத்தை ஜெயித்தது.

போலந்துக்குப் போனால் கணக்கே தலைகீழ். அங்கே ஒரே சின்னத்தை, பெயரிலும் ரத்தத்திலும் தொடர்பில்லாத நூற்றுக்கணக்கான குடும்பங்கள் பகிர்ந்துகொண்டன. 1413-ல் ஹொரோத்வோ ஒப்பந்தத்தில் 47 லிதுவேனியப் பிரபுக் குடும்பங்களைப் போலந்துக்காரர்கள் தங்கள் சின்னங்களுக்குள் சேர்த்துக்கொண்டார்கள். ஸ்காட்லாந்தில் 1672-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவேட்டில் இல்லாத சின்னத்தை உங்களுடையதாகக் காட்டிக்கொள்வது இன்றும் குற்றம், அதை விசாரிக்கத் தனி நீதிமன்றம் எடின்பரோவில் இருக்கிறது.

அப்படியென்றால் கடைக்காரருக்குப் படம் எங்கிருந்து கிடைத்தது? ரீட்ஸ்டாப் என்ற டச்சுக்காரர் 19-ஆம் நூற்றாண்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஐரோப்பியச் சின்னங்களின் வர்ணனைகளைத் தொகுத்தார். பிரிட்டனுக்கு பர்க் தொகுத்த பட்டியல் உண்டு. இப்படிப்பட்ட தொகுப்புகளைக் கணினியில் ஏற்றி, பெயரைத் தட்டினால் முதலில் வரும் சின்னத்தை அச்சடித்துத் தருவதுதான் இந்த வியாபாரம். அது எந்தக் கிளை, எந்த நூற்றாண்டு என்று கேட்டால் பதில் வராது. தலைக்கவசம், அதன்மேல் உருவம், இருபுறமும் சுருளும் துணி, கீழே லத்தீன் வாசகம் எல்லாம் எந்தப் பெயருக்கும் ஒரே அச்சில் வரும், நடுக் கேடயம் மட்டும் மாறும். பக்கத்தில் தொங்கிய மற்ற சட்டங்களைத் தம்பி கவனித்தாரா என்று கேளுங்கள்.

உண்மையான சின்னங்களைப் பார்க்க லிஸ்பன்வரை போக வேண்டியதில்லை. சதுரங்கப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் டச்சுக் கல்லறைகள் இருக்கின்றன, கொச்சி பிரான்சிஸ் தேவாலயத்திலும் பழைய கோவாவிலும் போர்த்துகீசியக் கல்லறைக் கற்கள் இருக்கின்றன. கல்லில் நிறம் இருக்காதே என்றால், அதற்கும் ஓர் ஏற்பாடு உண்டு. 1638-ல் பெத்ரா சான்க்தா என்ற சேசு சபைப் பாதிரியார் தன் நூலில் கோடுகளால் நிறம் காட்டும் முறையைப் பரப்பினார். அதைப் பின்பற்றிச் செதுக்கிய கல்லில் நெடுக்குக் கோடு சிவப்பு, கிடைக்கோடு நீலம், புள்ளிகள் பொன், வெறுமையாக விட்டால் வெள்ளி. உங்கள் கோடாரிக் கேடயத்தை இந்த முறையில் செதுக்கினால் பின்னணி முழுக்க நெடுக்குக் கோடாக இருக்கும், கோடாரி அலகு வெறுமையாக, பிடியில் புள்ளிகள்.

இனி உங்கள் முன்னறை. மாட்டுங்கள், தப்பில்லை. போர்த்துகலில் 1910-ல் முடியாட்சி ஒழிந்த பிறகு, தனிமனிதர்களுக்குச் சின்னம் வழங்கும் வேலையை அரசு விட்டுவிட்டது. உங்கள் சுவரைத் தேடி யாரும் வரப்போவதில்லை. கீழே 'போர்த்துகல் மச்சாடோ வம்சத்தின் சின்னம்' என்று எழுதி வையுங்கள், அது பொய்யில்லாத வாசகம். பின்னால் இருக்கும் தாளைக் கிழித்துவிடலாம். கல்யாணப் பத்திரிகையிலும் மோதிரத்திலும் அதையே போடுவதை மட்டும் நான் தவிர்ப்பேன், அது இன்னொருவர் வம்சத்தைச் சொந்தம் கொண்டாடுவது.

சொந்தமாக ஒன்று வேண்டுமென்றால், வழி இருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டு இத்தாலியச் சட்ட அறிஞர் பார்த்தோலுஸ், பெயர் வைத்துக்கொள்வதுபோல யாரும் சின்னம் வைத்துக்கொள்ளலாம் என்று எழுதினார். அடுத்தவருடையதாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஸ்விட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் நகரத்துத் தச்சரும் ரொட்டி சுடுபவரும்கூட இப்படித்தான் சின்னம் வைத்துக்கொண்டார்கள். கோடாரிச் சிலேடை யாருடைய தனிச்சொத்தும் இல்லை. பெயர் உங்களுடையது, அதை வைத்து நீங்களும் விளையாடலாம். நான் என்றால் சிவப்பை விட்டு நீலத்துக்குப் போவேன். நீலக் கேடயம், நடுவே ஒரே ஒரு பொன் கோடாரி, சுற்றி மூன்று வெள்ளி முத்துகள். நீலம் வண்ணம், மற்ற இரண்டும் உலோகம், ஆகவே விதிக்குள் அடங்கும். சங்கு போடலாமே என்று தோன்றும், ஒற்றைச் சங்கு என்றால் எல்லோருக்கும் திருவிதாங்கூர்தான் ஞாபகம் வரும். தோணி, மாதா கோவில், பனைமரம் என்று எல்லாவற்றையும் திணிக்காதீர்கள். கேடயம் பத்து அடி தூரத்திலிருந்து புரிய வேண்டும். கிரீடமும், இருபுறமும் கேடயத்தைத் தாங்கும் விலங்குகளும் வேண்டாம், அவை பிரபுப் பட்டம் பெற்றவர்களுக்கானவை.

தம்பி கனடாக் குடிமகன் ஆகியிருந்தால் அதிகாரபூர்வமாகவே வாங்கலாம். ஒட்டாவாவில் கவர்னர் ஜெனரலின் அலுவலகத்தின் கீழ் 1988-லிருந்து கனடிய ஹெரால்டிக் ஆணையம் இயங்குகிறது. விண்ணப்பத்தில் அவருடைய வாழ்க்கைக் குறிப்பைக் கேட்பார்கள், பிரபு வம்சமா என்று கேட்க மாட்டார்கள். கட்டணம் உண்டு, கொஞ்சம் பொறுமையும் வேண்டும். வழங்கிய சின்னம் பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும், மகனுக்கும் மகளுக்கும் சமமாகப் போகும். அங்கே சின்னம் வழங்குவது தம்பியின் பெயருக்கு என்பதால், அவருடைய பிள்ளைகளுக்குத்தான் அது தானாகப் போகும். நீங்களும் அதில் வர வேண்டுமென்றால், விண்ணப்பிக்கும்போதே அதைச் சொல்லி, உங்களையும் சேர்க்க வழியுண்டா என்று கேட்கச் சொல்லுங்கள்.